காத்திருத்தல் வேறு, தாமதித்தல் வேறு: கருப்பைப் புற்றுநோயும் அறுவைச் சிகிச்சையும்

ரப்பர் மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர் நோயைத் தோட்டத் தொழிலாளர்கள் நன்கறிவர். மண்ணுக்கடியில் வெண்ணிற நூல் போன்ற பூஞ்சணம் வேரைப் பற்றிப் படர்கின்றது. மேலே மரம் பசுமையாகவே நிற்கின்றது. இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கும் வேளையில் வேரின் பெரும்பகுதி கெட்டுப் போயிருக்கும். ஆகவேதான் இளமரங்களின் அடிமண்ணைப் பறித்து வேரைப் பார்வையிடும் வழக்கம் தோட்டங்களில் ஏற்பட்டது. நோய் கண்ட வேரை உடனே வெட்டி மருந்திட்டால் மரம் பிழைக்கின்றது. அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் வெட்டுவதற்கு நல்ல வேரே மிஞ்சுவதில்லை.

பெண்களின் கருப்பை, கருப்பை வாய், சூலகம் ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோயும் பெரும்பாலும் இத்தன்மையதே. தொடக்கத்தில் வலியில்லை, வேலைக்குச் செல்லத் தடையில்லை. நோய் தெரிந்த பின்னரும், அறுவைச் சிகிச்சை நடைபெறும் நாள் வரை பல வாரங்கள் கழிகின்றன. அவ்வாரங்களுள் சில தேவையானவை, பல தேவையற்றவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இம்மாதப் பாடத்தின் நோக்கமாகும்.

நோயின் அறிகுறிகள்

மூன்று உறுப்புகளையும் தனித்தனியே காண்போம்.

முதலாவது, கருப்பை வாய்ப் புற்றுநோய். எச்.பி.வி. எனப்படும் கிருமி நெடுங்காலம் உடலில் தங்கிவிடுவதே ஏறக்குறைய இந்நோய் அனைத்துக்கும் காரணமாகும். கிருமி புகுந்ததிலிருந்து புற்று உருவாகப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாள்களிலோ தாம்பத்திய உறவுக்குப் பின்னரோ இரத்தம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடு ஆகியவை இதன் அறிகுறிகள்.

இரண்டாவது, கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய். மாதவிலக்கு முற்றாக நின்றுபோன பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகின்றது. உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பின்னர் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு இரத்தம் காணும் பெண்களுள் ஏறக்குறைய 10-இல் 9 பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பத்தாவது பெண் யார் என்பதைப் பரிசோதனையின்றி எவராலும் கூற இயலாது.

மூன்றாவது, சூலகப் புற்றுநோய். இது வயிற்றுக்குள் மறைந்து வளர்வது. வயிறு உப்புதல், சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், வாய்வு என்று எண்ணி ஓமத் தண்ணீர் பருகிக் கொண்டிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுவைக்கு உரிய காலம்

மருத்துவர்கள் இந்நோய்களின் வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையில் நோய் தோன்றிய உறுப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். நான்காம் நிலையில் சிறுநீர்ப்பை, மலக்குடல், ஈரல், நுரையீரல் போன்ற பிற உறுப்புகளை எட்டிவிடும்.

கருப்பை வாயில் நோய் சிறிதாக இருக்கும்போது அறுவையினாலேயே அதனை முற்றாக நீக்க முடியும். சுற்றியுள்ள திசுக்களுக்குப் பரவிவிட்டால் கத்தி பயன்படாது. கதிரியக்கச் சிகிச்சையும் அதனுடன் மருந்துச் சிகிச்சையும் அளிப்பர். அறுவை இல்லை என்று மருத்துவர் கூறினால் அவர் கைவிட்டுவிட்டார் என்பது பொருளன்று. வேறு வழியால் நோயைத் தாக்குகின்றார் என்பதே பொருள். ஆயினும் எளிய வழி அடைபட்டுவிட்டது என்பதும் உண்மையே. அமெரிக்க நாட்டின் பதிவேடுகளின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களுள் 10-இல் 9 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் கண்டறியப்பட்டவர்களுள் 5-இல் ஒருவரே அவ்வாறு வாழ்கின்றார்.

2020-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் உட்பட 7 வகைப் புற்றுநோய்களை அது ஆராய்ந்தது. அறுவைச் சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் மரண அபாயம் பொதுவாக 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகின்றது என்பது அதன் முடிவு. இதனைக் கணக்காகப் பார்ப்போம். 100 நோயாளிகளுள் 20 பேர் இறக்கக்கூடும் என்றிருந்தால், 4 வாரத் தாமதத்தில் அத்தொகை 21-ஐத் தாண்டும். மூன்று மாதம் கழிந்தால் ஏறத்தாழ 24 அல்லது 25 ஆகும். கணக்கில் இவை எண்களே. குடும்பத்தில் அவர்கள் தாய்மார்கள்.

பயனுள்ள காத்திருத்தல்

இதனைப் படித்துவிட்டு, நோய் என்று தெரிந்த மறுநாளே ஏன் அறுக்கவில்லை என்று மருத்துவருடன் வாதிடுதல் கூடாது. அறுவைக்கு முன்னர் முடிக்க வேண்டிய பணிகள் உள்ளன.

சிறிதளவு சதையை எடுத்துத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். புற்றுநோய்தான் என்பதை அதுவே உறுதி செய்கின்றது. பின்னர் ஸ்கேன் எடுத்து நோய் எதுவரை பரவியுள்ளது என்று காண வேண்டும். எந்த உறுப்பை எவ்வளவு நீக்குவது என்பது அதனைப் பொறுத்தது. நெடுநாள் இரத்தப்போக்கினால் இரத்தச் சோகை கண்டிருந்தால் அதனைச் சரிசெய்ய வேண்டும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் வர வேண்டும். இல்லையேல் மயக்க மருந்தே ஆபத்தாகலாம், புண்ணும் ஆறாது. சூலகப் புற்றுநோய் வயிற்றில் பரவியிருப்பின், முதலில் சில முறை மருந்துச் சிகிச்சை அளித்துக் கட்டியைச் சுருக்கிய பின் அறுவை செய்வதும் உண்டு.

இவையெல்லாம் சிகிச்சையின் பகுதிகளே. பால் வெட்டுவதற்கு முன் உளியைத் தீட்டும் நேரம் வீண் நேரம் ஆகுமா? இத்தகைய நாள்களையே நாம் காத்திருத்தல் என்கிறோம். நோய்க்கு எதிராக எப்பணியும் நடைபெறாமல் கழியும் நாள்களே தாமதம்.

ஒரு கணக்கு

இவ்வேறுபாட்டை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக் கொள்வோம். 54 வயதுடைய ஓர் அம்மையார் பால்மரம் வெட்டுபவர். மாதவிலக்கு நின்று மூன்றாண்டுகள் ஆகின்றன. ஒருநாள் சேலையில் இரத்தக் கறையைக் காண்கின்றார்.

வெட்டுக்காட்டு வெயிலில் நின்றதனால் உண்டான உடற்சூடு என்று எண்ணி, வெந்தயமும் இளநீரும் உட்கொண்டு யாரிடமும் கூறாமலிருக்கின்றார்: 6 வாரம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உண்டு பார்க்கின்றார்: 3 வாரம். பின்னர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டுகின்றார். நிபுணருக்குக் கடிதம் கிடைக்கின்றது. மகனின் திருமணம் நெருங்குவதனால் கடிதம் தகரப்பெட்டியில் கிடக்கின்றது: 5 வாரம். நிபுணரைக் காணும் நாள் வர 2 வாரம். திசுப் பரிசோதனையின் முடிவு வர 2 வாரம். ஸ்கேன் எடுக்க 2 வாரம். சர்க்கரையைக் குறைத்து இரத்தத்தைக் கூட்ட 2 வாரம். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டதும், தீபாவளி கழியட்டும் என்று குடும்பத்தார் கேட்டுத் தள்ளி வைக்கின்றனர்: 4 வாரம்.

கூட்டிப் பாருங்கள், மொத்தம் 26 வாரம். அரையாண்டு! இவற்றுள் மருத்துவமனையில் பணி நடந்த காலம் 8 வாரம். எஞ்சிய 18 வாரமும் வெறுமனே கழிந்தவை. மருத்துவமனை வரிசையை மட்டுமே நாம் குறை கூறுவது வழக்கம். இவ்வம்மையாரின் கணக்கிலோ, நீண்ட வரிசை வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

வீட்டில் நேரும் தாமதம்

நாணம் இவற்றுள் முதன்மையானது. ஆண் மருத்துவரிடம் எவ்வாறு காட்டுவது என்ற தயக்கத்தினால் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. பெண் மருத்துவரோ தாதியோ வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ துணைக்கு அழைத்துச் செல்லலாம். மொழி தெரியாதவர்களுக்கு இத்துணை பெரிதும் உதவும்.

கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற நம்பிக்கை அடுத்தது. முற்றிய நிலையில் அறுவைக்குச் சென்று மாண்டவர்களைக் கண்டதனால் இவ்வெண்ணம் எழுந்திருக்கலாம். அவர்களைக் கொன்றது கத்தியன்று. முன்னரே பரவியிருந்த நோய். கருப்பையை எடுத்துவிட்டால் பெண்மை போய்விடும் என்பதும் தவறான கருத்து. கருப்பையை நீக்கினால் மாதவிலக்கும் குழந்தைப்பேறும் நிற்கும், பெண்மை நிற்பதில்லை. குழந்தை வேண்டும் என்ற விருப்பமுள்ள இளம்பெண்கள், நோய் மிகத் தொடக்கத்தில் இருப்பின் கருப்பையைக் காக்கும் வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்பதற்கும் காலத்தோடு செல்ல வேண்டும்.

நாட்டு மருந்தையும் நேர்த்திக்கடனையும் நாம் இகழவில்லை. மாரியம்மன் கோயிலுக்குச் சென்று வேண்டிக் கொள்பவர் அங்கிருந்தே மருத்துவமனைக்கும் செல்லலாம். ஆனால் வேரையும் தழையையும் உண்டு மூன்று மாதம் பார்ப்போம் என்று அறுவையைத் தள்ளுவதே தீங்கு. உண்ணும் நாட்டு மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும் வேண்டும். சில மருந்துகள் அறுவையின்போது இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

குடும்பத்தாரின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதும் உண்டு. மாமியார் இசைய வேண்டும், வெளியூரிலுள்ள அண்ணன் வர வேண்டும் என்று நாள்கள் கழிகின்றன. கலந்து பேசுவது நல்ல குடும்பத்தின் பண்பே. எனினும் வயது வந்த பெண் தன் அறுவைக்கான ஒப்புதலைத் தானே கையொப்பமிட்டு அளிக்கலாம் என்பதை எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். பேச வேண்டியதை ஒரே மாலையில் கூடிப் பேசி முடித்துவிடலாம் அல்லவா? கணவன்மார்களுக்கு இங்குப் பெரும் பொறுப்பு உண்டு. "உனக்கு உடம்பு எப்படியிருக்கிறது, நாளைக்கே போய்க் காட்டுவோம்" என்று கணவர் கூறும் ஒரு சொல், ஆறு வாரத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

மருத்துவமனையில் நேரும் தாமதம்

மருத்துவமனைப் பக்கமும் தாமதம் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. புற்றுநோய் அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற மகப்பேறு நிபுணர்கள் குறிப்பிட்ட பெரிய மருத்துவமனைகளிலேயே பணிபுரிகின்றனர். மாவட்ட மருத்துவமனையிலிருந்து மாநில மருத்துவமனைக்கும், சில வேளைகளில் 2013-இல் புத்ராஜெயாவில் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற இடங்களுக்கும் செல்ல நேரும். ஒவ்வோர் இடமாற்றத்திலும் கடிதங்களும் முடிவுகளும் தங்கிப்போகக்கூடும்.

பேரிடர் காலத்தில் இவ்வரிசை இன்னும் நீண்டது. 2020-இல் கோவிட்-19 பரவியபோது 61 நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, முழு ஊரடங்கு நிலவிய இடங்களில் அறுவைக்குக் காத்திருந்த புற்றுநோயாளிகளுள் ஏறக்குறைய 7-இல் ஒருவருக்குத் திட்டமிட்ட அறுவை நடைபெறவில்லை. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல.

இவ்வரிசையைத் தனியொருவர் குறைத்துவிட முடியாது. ஆயினும் வரிசையில் நம் இடம் தவறிப் போகாமல் காத்துக் கொள்ள முடியும். மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண்ணை மாற்றினால் உடனே தெரிவிக்க வேண்டும்; பழைய எண்ணுக்கு அழைத்து விடை கிடைக்காததனால் அறுவை நாளை இழந்தால், அது பேரிழப்பாகும். பரிசோதனை முடிவு எந்நாளில் வரும் என்று கேட்டுக் குறித்துக் கொண்டு, அந்நாள் கடந்தால் நாமே அழைத்துக் கேட்க வேண்டும். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாள்களிலேயே சர்க்கரைக்கும் இரத்தச் சோகைக்கும் மருத்துவம் தொடங்கலாமா என்று கேட்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இவ்விரண்டும் ஒருசேர நடந்திருந்தால் 2 வாரம் குறைந்திருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். பணிவாகக் கேட்கும் கேள்விக்கு மருத்துவரும் தாதியரும் விடையளிக்கவே செய்வர். காத்திருக்கும் காலத்தில் இரத்தம் மிகுதியாகப் பெருகினாலோ மயக்கம் வந்தாலோ, குறித்த நாளைப் பாராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கூலியும் விடுப்பும்

பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சம் தோட்டப் பெண்களைத் தடுத்து நிறுத்தும் பெருந்தடையாகும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இவ்வகையில் பாதுகாப்பு அளிக்கின்றது. பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 18 நாள், 5 ஆண்டுக்கு மேல் என்றால் 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருப்பின் 60 நாள் வரை விடுப்பு உண்டு. மருத்துவரின் சான்றுக் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் உடனே ஒப்படைத்து, அதன் பிரதியொன்றை வைத்துக் கொள்ள வேண்டும்.

அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளியும் நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளியுமே கட்டணம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்காக 2019-இல் பெக்கா பி40 திட்டம் தொடங்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பதற்கான ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் அதில் இடம்பெற்றன. தமக்கு என்னென்ன உதவி உண்டு என்பதை மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் கேட்டறியலாம்.

அறுவைக்குப் பின்னரும் அவசரம் கூடாது. வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்கிய பின், ஏறத்தாழ 6 வாரமேனும் பால் வாளி சுமத்தல் போன்ற கடும் வேலைகளைத் தவிர்த்தல் வேண்டும். எளிய வேலைக்கு எந்நாளில் திரும்பலாம் என்பதை மருத்துவர் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்டுக் கொண்டால், மண்டோரிடமும் கிராணியிடமும் விளக்குவது எளிதாகும்.

நோய் வருமுன்

அறுவையே தேவைப்படாத வழியும் உண்டு. 2010 முதல் நம் நாட்டில் பள்ளி மாணவியர்க்கு 13 வயதில் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால் பெற்றோர் தயங்காமல் கையொப்பமிட வேண்டும். 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் சுகாதாரக் கிளினிக்கில் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை செய்து கொள்ளலாம். எச்.பி.வி. பரிசோதனைக்கு மறைவான அறையில் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துள்ளது. நாணத்தினால் தயங்கியவர்களுக்கு இஃது ஒரு நல்வாய்ப்பு. புற்றாக மாறுமுன்னரே கெட்ட திசுவைக் கண்டால், கிளினிக்கிலேயே சிறு சிகிச்சையால் நீக்கிவிடலாம். எனினும் இப்பரிசோதனைகள் கருப்பை வாய்க்கு மட்டுமே உரியவை; கருப்பை உட்சுவர், சூலகம் ஆகியவற்றின் நோயை அறிகுறிகளைக் கொண்டே தேட வேண்டும்.

பாடச் சுருக்கம்

1. மாதவிலக்கு நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுக.
2. மருந்து உண்டும் இரத்தம் நிற்கவில்லையெனில் மீண்டும் செல்க. நிபுணரிடம் அனுப்புமாறு கேட்க.
3. நிபுணருக்கான கடிதம் கிடைத்தால் அன்றே நாள் பெறுக.
4. பரிசோதனை முடிவு, ஸ்கேன், அறுவை ஆகியவற்றின் நாள்களை நாட்காட்டியில் குறித்து வைக்க.
5. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வேறு நாள் உண்டு. குறித்த அறுவை நாளைத் தள்ள வேண்டா.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. மேற்கண்ட எடுத்துக்காட்டிலுள்ள 26 வாரங்களுள் எவை காத்திருத்தல்? எவை தாமதம்?
2. உங்கள் லயத்திலிருந்து நிபுணர் மருத்துவமனைக்குச் செல்ல வாகனமில்லாத பெண்ணுக்கு அண்டை வீட்டார் எவ்வாறு உதவலாம்? அவருடைய பிள்ளைகளை அந்நாளில் யார் பார்த்துக் கொள்வது?
3. உங்கள் வீட்டுப் பெண்களிடம் உடல்நலத்தைப் பற்றிக் கடைசியாக எப்பொழுது விசாரித்தீர்கள்?

மூன்றாவது வினாவுக்கு விடையை எழுதி வைக்க வேண்டிய தேவையில்லை. இன்று மாலை வீட்டில் கேட்டாலே போதும்.